பிட் இறங்கவில்லை, ஓட்டை பெரிதாகிவிட்டது, டைல்ஸ் விரிந்தது: எதற்கு என்ன செய்வது

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் டிரில் மெஷின் வைத்திருக்கிற வீடு எங்களுடையது. யாராவது புதிதாகக் குடிவந்தால் இரண்டாம் நாளே கதவைத் தட்டுவார்கள். "அண்ணா, ஒரே ஒரு ஓட்டை." கர்ட்டன் ராடு, கண்ணாடி, சாமி படம் என்று அது ஏழெட்டில் போய் நிற்கும். சிலர் அவர்களே முயற்சி செய்து, சுவரை எலி கடித்த மாதிரி ஆக்கிய பிறகு கூப்பிடுவார்கள். பத்து வருடமாகப் பார்க்கிறேன், திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான். பெரும்பாலும் மெஷின் மேல் தப்பு இருக்காது. எந்த மாதிரிச் சுவர் என்று பார்க்காமல் அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மெஷினை எடுப்பதற்கு முன்

ஓட்டை போடும் இடத்துக்குக் கீழே ஒரு பழைய காலண்டர் தாளை மடித்து, டேப் போட்டு ஒட்டுங்கள். தூள் தரையில் சிந்தாது. அதைவிட முக்கியம், தூளின் நிறம் தெரியும். முதலில் வரும் வெள்ளை, பட்டி. அப்புறம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக வந்தால் பூச்சு. அதற்குப் பின்னால் சிவப்பு வந்தால் செங்கல். மைதா மாவு மாதிரி வெளுப்பாகக் கொட்டோ கொட்டென்று கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல். சாம்பல் நிறத்தில், நைசாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் சாலிட் பிளாக் (கெட்டியான சிமெண்ட் கல்) அல்லது காங்கிரீட்.

இந்த ஊரில் எல்லா வகையும் கலந்து கிடக்கிறது. காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் இன்னும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த வீடுகளில் பெரும்பாலும் சாலிட் பிளாக். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கத்துப் புது அடுக்ககங்களில் ஏஏசி, அல்லது அலுமினியப் பலகை அடைத்துச் சுவரையே காங்கிரீட்டாக வார்த்த மைவான். மாரத்தஹள்ளியில் இருக்கிற மச்சான் வீட்டில் வேலை செய்த முறை உங்கள் வீட்டில் கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் வயர். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் குழாய் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமில் குழாய், ஷவர், கீசர் இணைப்பு இவற்றுக்கு மேலும் கீழும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவிலும் தண்ணீர்க் குழாய். ஒரு ஜாண் தள்ளிப் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் மெஷினைத் தொடாதீர்கள். விட்டத்தில் ஓட்டை போட்டால் தூள் நேராக முகத்தில்தான் விழும்.

பிட் சுற்றுகிறது, சுவரில் இறங்கவே இல்லை

முதலில் ரிவர்ஸ் பட்டனைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், "மெஷின் ரிப்பேர்" என்று கூப்பிட்ட எத்தனையோ வீட்டில் நான் செய்த ஒரே ரிப்பேர் அதுதான். பின்னாலிருந்து பார்த்தால் பிட், அதாவது மெஷின் வாயில் மாட்டும் துளைக்கும் கம்பி, கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும்.

அது சரியாக இருந்தால், மேலே இருக்கும் சுத்தியல் படம் போட்ட திருகு. செங்கல், சாலிட் பிளாக், காங்கிரீட் மூன்றுக்கும் சுத்தியல் பக்கம் இருக்க வேண்டும், பிட் இடித்துக்கொண்டே சுற்றும். டைல்ஸுக்கும் ஏஏசிக்கும் மரத்துக்கும் கூடவே கூடாது.

அடுத்து பிட். சுவர் பிட்டின் நுனியில் சின்னத் தகடு ஒன்று பதித்திருக்கும், அது தண்டைவிட ஒரு நூல் அகலமாக இருக்கும். நுனிவரை ஒரே உலோகமாக, கூராக, பளபளவென்று இருந்தால் அது இரும்பு, மரத்துக்கான பிட். காங்கிரீட்டில் ஐந்து விநாடி வைத்தால் போதும், மழுங்கிவிடும். சுவர் பிட்டாக இருந்தும் தகட்டின் ஓரம் உருண்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் தனியாக ஒரு பிட் வாங்கும் செலவு ஒன்றும் பெரிதில்லை. மெஷினோடு இலவசமாக வரும் பிட் பெட்டியை நம்பி நொந்தவர்கள் அதிகம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஒரு விரற்கடைக்கு மேல் போகவில்லை

இது ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டும்போது நடக்கிறதா? நீங்கள் லிண்டலில் நிற்கிறீர்கள். ஜன்னலுக்கு மேலே ஓடும் காங்கிரீட் பட்டை ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் சுமார் ஆறு அங்குலம் சுவருக்குள் போயிருக்கும். கர்ட்டன் பிராக்கெட் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். ராடு இன்னும் நீளமாக இருந்தால் பிராக்கெட்டைப் பக்கவாட்டில் எட்டு அங்குலம் தள்ளுங்கள், அல்லது லிண்டலுக்கு மேலே ஏற்றுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

அந்த இடத்தில்தான் வேண்டும் என்றால் சாதாரண இம்பாக்ட் டிரில்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரோட்டரி ஹேமர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். அதில் அழுத்தவே தேவையில்லை, மெஷினின் எடையே போதும். இம்பாக்ட் டிரில்லில் இருபது நிமிடம் போராடியது ரோட்டரி ஹேமரில் அரை நிமிடத்தில் முடியும். மைவான் வீட்டுக்காரர்களுக்கு வேறு வழியே இல்லை.

நன்றாக இறங்கி, திடீரென்று "டிங்" என்று நின்றுவிட்டது

கம்பி. தூணில் கம்பிக்கு மேல் பொதுவாக 40 எம்எம் காங்கிரீட் மூட வேண்டும் என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு. பூச்சையும் சேர்த்தால் சுமார் 50 எம்எம் ஆழத்தில் இடிக்கும். மேலே இருக்கும் காங்கிரீட் தளத்தில், அதாவது ஸ்லாபில், இன்னும் சீக்கிரமே இடிக்கும். பிட்டை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், பளபளவென்று ஒரு கீறல் தெரியும். அதை வெட்டிக்கொண்டு போவதற்கும் பிட் விற்கிறார்கள். நம் வீட்டுத் தூணின் கம்பியை நாமே வெட்ட வேண்டுமா? ஓட்டையை 30 எம்எம் பக்கவாட்டில் மாற்றிப் போடுங்கள், பழையதை சிமெண்டால் அடையுங்கள். மூன்று முறை மாற்றியும் இடிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு, கம்பி இருக்கும் இடத்தைக் கருவி வைத்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஓட்டை பெரிதாகிவிட்டது, பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது

எனக்கு வரும் அழைப்பில் இதுதான் அதிகம். போன மாதம் மூன்றாம் மாடி அக்கா வீட்டில் கர்ட்டன், ராடு, பிராக்கெட் எல்லாம் மொத்தமாகக் கீழே விழுந்து கிடந்தது. ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் சொருகும் பிளாஸ்டிக் குழலான பிளக், ஸ்க்ரூவோடு சேர்ந்தே வந்திருந்தது, முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல். சுவரில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பள்ளம். பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். நீளம் 30 எம்எம். அதில் 20 எம்எம் வரை பட்டியும் பூச்சும் வெள்ளையாக ஒட்டியிருந்தன. பிளாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது மீதி 10 எம்எம்தான்.

ஆகவே முதல் காரணம், ஆழம் போதவில்லை. உள்சுவர்ப் பூச்சு 12 முதல் 15 எம்எம் இருக்கும். சுவர் கோணலாக இருந்து, கொத்தனார் பூச்சிலேயே சரிக்கட்டியிருந்தால் 25 எம்எம்கூட இருக்கும். பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டி உட்கார வேண்டும். பிளக் நீளம், பூச்சு, அதற்கு மேல் தூளுக்கு ஒரு 10 எம்எம்: மூன்றையும் கூட்டி, அந்த அளவில் பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் சுவரைத் தொட்டால் நிறுத்துங்கள். நான்கு அங்குலத் தடுப்புச் சுவரில் இந்த டேப் கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த ரூமில் பூச்சு பெயர்ந்து விழும். என் வீட்டிலேயே நடந்தது. அந்தப் பக்கத்துச் சுவரில் என் மனைவி மாட்டியிருந்த காலண்டர் இரண்டு வருடம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆழம் சரியாக இருந்தும் ஓட்டை அகலமாகிறதா? மெஷினை வெறுமனே ஓடவிட்டு பிட் நுனியைப் பாருங்கள். வட்டம் போட்டால் பிட் வளைந்திருக்கும், அல்லது பிட்டைக் கவ்வும் வாயான சக்கில் கோணலாக உட்கார்ந்திருக்கும். சக்கைத் திறந்து தூளைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். சாவியை ஒரே துளையில் வைத்து முறுக்காமல் மூன்று துளையிலும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். அது போக, தூளை வெளியே இழுக்கிறேன் என்று பிட்டை உள்ளும் வெளியும் ஆட்டும்போது கை சாய்கிறது, ஓட்டையின் வாய் புனல் மாதிரி ஆகிவிடுகிறது. நேராக இழுங்கள்.

தூள் மைதா மாவு மாதிரி இருந்தால் ஏஏசி. சுத்தியலை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் போடுங்கள். பிளக் 8 எம்எம் என்றால் நான் 7 எம்எம் பிட்டில் போட்டு, பிளக்கைத் தட்டி ஏற்றுவேன். ஏஏசிக்கு என்றே புரி வெட்டிய நைலான் பிளக் தனியாக வருகிறது. கடையில் "ஏஏசி பிளக்" என்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய செங்கல் சுவரில் தூள் பாதி சிவப்பு, பாதி வெளுத்த மண்ணாக வந்தால் நீங்கள் இரண்டு கல்லுக்கு நடுவில் காரையில் இறங்கிவிட்டீர்கள். ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகருங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன ஓட்டைக்கு

முதலில் அடுத்த அளவு பிளக். 6 எம்எம் பிளக் ஆடினால் அந்த ஓட்டையை 8 எம்எம் பிட்டில் சுத்தம் செய்து 8 போடுங்கள், ஸ்க்ரூவையும் மாற்றுங்கள். 8 எம்எம் பிளக்கில் மெல்லிய ஸ்க்ரூ போட்டால் பிளக் விரியாது, பிடிக்காது. லேசான படமாக இருந்தால் பிளக்கைச் சுற்றி இரண்டு பல்குச்சியைச் சொருகி உடைத்துவிட்டாலே போதும். அதற்கு மேல் எடை என்றால் எம்-சீலைப் பிசைந்து ஓட்டையில் அடைத்து, பிளக்கை அதற்குள் அழுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் ஸ்க்ரூ போடுங்கள். அன்றைக்கே போட்டுப் பார்க்கும் ஆசைதான் எல்லாவற்றையும் கெடுக்கும். டிஷ்யூ பேப்பரில் ஃபெவிகால் தடவி அடைப்பது சில வாரம் தாங்கும், அப்புறம் கர்ட்டன் இழுக்கும்போது கையோடு வரும்.

கீசர், பெரிய டிவி போன்றவற்றுக்கு இந்த ஒட்டு வேலை எதுவும் கூடாது. 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டும் 25 கிலோ. அதுவும் ஏஏசி சுவர் என்றால், ஓட்டைக்குள் பசை செலுத்திப் போல்ட்டைப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

பிளக் பாதிதான் உள்ளே போகிறது

ஓட்டைக்குள் தூள் தங்கியிருக்கிறது. வாயால் ஊதாதீர்கள், எல்லாம் கண்ணுக்குள் வரும். பழைய சைக்கிள் பம்பு இருந்தால் நன்று, வாக்குவம் கிளீனரும் சரி. சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் பிட் தேய்ந்து சிறுத்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்து ஏற்றினால் பிளக்கின் வாய் நசுங்கி ஸ்க்ரூ கோணலாகப் போகும்.

குறித்த இடத்தில் போட்டேன், நகர்ந்துவிட்டது

பென்சில் குறியின் மேல் ஒரு ஆணியை வைத்து இரண்டு தட்டு தட்டிச் சின்னக் குழி செய்யுங்கள். முதல் சில விநாடி சுத்தியல் இல்லாமல், மெதுவான வேகத்தில். இரண்டு ஓட்டை ஒரே மட்டத்தில் வேண்டும் என்றால், முதல் ஓட்டையில் ஸ்க்ரூவை மாட்டிய பிறகு இரண்டாவதைக் குறியுங்கள். முன்கூட்டியே இரண்டையும் அளந்து குறித்தால் எனக்கு இன்றுவரை ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஏற்கெனவே நகர்ந்த ஓட்டையை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் நீள்வட்டம்தான் கிடைக்கும். பிராக்கெட்டையே கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள்.

டைல்ஸ் விரிந்துவிட்டது

சுத்தியல் இயக்கத்தில் வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

இல்லையென்றால் பிட்டைப் பாருங்கள். பாத்ரூம் சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட் போதும். விட்ரிஃபைட் டைல்ஸ், கிரானைட் இரண்டிலும் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், பொறுமை போய் அழுத்துவீர்கள், விரியும். அவற்றுக்கு வைரத்தூள் ஒட்டிய குழல் பிட்தான்.

நான் செய்வது இப்படி. குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுவேன். குழல் பிட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, டைல்ஸில் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துவேன். ஒரு ஆள் பக்கத்தில் நின்று, மூடியில் ஊசித்துளை போட்ட தண்ணீர் பாட்டிலால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், பிட்டின் மேல்தான், மெஷின் மேல் அல்ல. கையில் வெறும் எடை மட்டும். வெள்ளைக் கூழ் வழிந்துகொண்டே இருக்கும். சத்தம் கீச்சென்பதிலிருந்து கரகரவென்று மாறினால் டைல்ஸ் முடிந்துவிட்டது. அங்கே நிறுத்தி, தண்ணீரைத் துடைத்து, சுவர் பிட்டை மாட்டி மீதி ஆழத்தைப் போடுவேன், அதுவும் சுத்தியல் இல்லாமல். ஒருமுறை இதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கன்னட மேஸ்திரி, "நிதானா சுவாமி, நிதானா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஓட்டை அழகாக விழுந்து, ஸ்க்ரூ முறுக்கும்போது டைல்ஸ் விரிசல் விட்டதா? பிளக் டைல்ஸ் மட்டத்திலேயே நின்றிருக்கிறது. விரியும் பிளக் டைல்ஸைத்தான் பிளக்கும். டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிய பிறகு முறுக்குங்கள். ஓரத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குள் ஓட்டை வேண்டாம். டைல்ஸைத் தட்டினால் டொக்டொக்கென்று பொள்ளலாகச் சத்தம் வந்தால், பின்னால் சிமெண்ட் இல்லை, அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

கிச்சன் மேடை கிரானைட்டில் குழாய்க்கு 35 எம்எம் ஓட்டை என்றால் கிரானைட் வேலைக்காரரிடம் விட்டுவிடுங்கள். விரிந்தால் மாற்ற வேண்டியது மேடை முழுவதையும்.

பிளைவுட்டில் அந்தப் பக்கம் சிராய் சிராயாகப் பிய்கிறது

அந்தப் பக்கம் ஒரு வேண்டாத பலகைத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டுப் போடுங்கள். துண்டு வைக்க இடமில்லை என்றால், பிட் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அங்கிருந்து திரும்பப் போடுங்கள். சன்மைக்கா ஒட்டிய பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள், டேப் ஒட்டிக்கொண்டு. புகையும் கருகல் வாசனையும் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது பிட்டின் புரியில் மரத்தூள் அடைத்திருக்கிறது. கப்போர்டு கீலுக்கு 35 எம்எம் பள்ளம் போடும்போது 13 எம்எம்மைத் தாண்டாதீர்கள். 18 எம்எம் பலகையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

இரும்பு கிரில்லில் வழுக்குகிறது, பிட் நீலமாகிவிட்டது

வேகம் அதிகம். நீலம் பாய்ந்த நுனி பதம் இழந்துவிட்டது, சாணை பிடித்தால் ஒழிய உதவாது. சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டி, 3 எம்எம்மில் ஆரம்பித்து, பிறகு பெரிய பிட். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், சொட்டு எண்ணெய். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அழுத்தாமல் சும்மா தேய்த்தால் அந்த இடம் மேலும் இறுகிவிடும். அலுமினியம் பிட்டில் அப்பிக்கொண்டால் துளி மண்ணெண்ணெய் போதும்.

பிட் சுவருக்குள் சிக்கிக்கொண்டது

சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், மணிக்கட்டு சுளுக்கும், மோட்டார் கருகும். ரிவர்ஸில் ஒருமுறை முயலுங்கள். வரவில்லை என்றால் மெஷினின் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கைத் திறந்து மெஷினைத் தனியே எடுத்துவிடுங்கள். பிட்டை ரென்ச்சால் பிடித்து இடப்பக்கம் மெல்லத் திருப்பி இழுத்தால் வந்துவிடும். உள்ளேயே முறிந்தால் அறுத்து மட்டமாக்கி, பட்டி பூசி மறந்துவிடுங்கள்.

மெஷின் சுடுகிறது, உள்ளே தீப்பொறி

வெறுமனே ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் விசிறியே குளிர்விக்கும். சிறு நீலப்பொறி எப்போதும் இருக்கும். மஞ்சளாகச் சுற்றிச் சுற்றி வந்து, விட்டு விட்டு ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் கடைக்காரர் ஜோடி பார்த்துக் கொடுப்பார். மாற்றியும் நிற்கவில்லை, வார்னிஷ் கருகிய வாசனை வருகிறது என்றால் மோட்டாரில் சுழலும் சுருளான ஆர்மேச்சர் போய்விட்டது. சின்ன மெஷினுக்கு அந்தச் செலவு செய்வதைவிடப் புதியது வாங்கலாம். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கிக் குளிர்விக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நுனித் தகடு வெடிக்கும்.

தூள் ஈரமாக வருகிறது, அல்லது டப்பென்று கரண்ட் போய்விட்டது

ஈரமான தூள் வந்தால் தண்ணீர்க் குழாயில் இறங்கிவிட்டீர்கள், உடனே அந்தக் குழாயின் வால்வை மூடுங்கள். தெரியவில்லை என்றால் மொட்டைமாடித் தொட்டியின் வால்வை. பிட்டைப் பிடுங்கினால் பீய்ச்சும், வால்வு மூடும்வரை அப்படியே விடுங்கள். பிறகு பிளம்பர்தான், அந்த இடத்தில் எம்-சீல் நிற்காது.

கரண்ட் போனால் பிரேக்கரைத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கிச்சனில் குழாய் வழி கேஸ் வந்திருக்கிற வீடுகளில் அந்தக் குழாயின் பாதை தெரியாமல் ஓட்டையே போட வேண்டாம்.

நான் போக மறுக்கும் வேலைகள்

சிம்னிக்கு ஆறு அங்குல ஓட்டை, ஏசி குழாய்க்கு இரண்டு அங்குல ஓட்டை: கோர் கட்டிங் செய்பவரிடம் மெஷின் இருக்கிறது, அவர் அரை மணியில் முடித்துவிடுவார். சிறு சிறு ஓட்டையாகப் போட்டு உளியால் உடைத்தால் சுவரின் மறுபக்கம் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது.

ஊஞ்சல் கொக்கி. வீடு மாறி வந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்கிறார்கள். ஸ்லாபில் போடும் கொக்கி ஆடி ஆடி இழுபடும், படத்துக்குப் போடும் பிளக் கணக்கு இதற்கு உதவாது. பழைய வீடுகளில் மேலே ஸ்லாபே இல்லாமல் சப்படிக்கல் எனும் கற்பலகை பாவியிருக்கும், அது பிளந்தால் பிளந்ததுதான். சில புது அடுக்ககங்களில் ஸ்லாபுக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடம் ஓடும், அதைத் தொட்டால் வீட்டுக்காரர் மட்டுமல்ல, கட்டியவரும் வருவார். அசோசியேஷனிடம் ஸ்லாப் எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆங்கர் ஃபாஸ்னர் போட்டு இழுத்துக் காட்டுகிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடமும் கேளுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை எப்படியும் பிடிப்பார்கள், ஓட்டைக்கு என்று தனியாக ஒன்று வேண்டாம்.